தாமரையும் அல்லியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீர்த்தாவரங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, தாமரையும் அல்லியும் நெருங்கிய உறவில்லாத இரு செடிகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருந்தோம். அந்த வரியை மறுத்தும், அதற்கு விளக்கம் கேட்டும் வந்த கடிதங்களே இம்முறை மிகுதியாக இருப்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இரண்டும் குளத்தில் வளர்கின்றன. இரண்டுக்கும் சேற்றில் கிழங்கு, நீண்ட காம்பு, வட்டமான இலை, அடுக்கடுக்கான இதழ்கள். இவ்வளவு ஒற்றுமைகள் இருக்கும்போது உறவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பொது மூதாதை உண்டு, அவ்வளவு தொலைவுக்குப் பின்னால் போனால் எல்லாச் செடிக்கும் எல்லாச் செடியும் உறவுதான். நெருங்கிய உறவு எது என்பதே கேள்வி. பூக்கும் தாவரங்களின் கால்வழியில் முதலில் தனித்துப் போன கிளையின் வாரிசாக இன்று எஞ்சியிருப்பது, நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் இயற்கையாக வளரும் அம்பொரெல்லா என்னும் புதர்ச்செடி. அதற்கு அடுத்தபடியாகப் பிரிந்த கிளைதான் அல்லியும் அதன் சுற்றமும் அடங்கிய நிம்ஃபியேல்ஸ் வரிசை (வரிசை என்பது நெருங்கிய குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவு). அது பிரிந்து போன பிறகுதான், மிஞ்சிய பெருங்கிளையிலிருந்து புல், பனை, வாழை முதலிய ஒருவித்திலைத் தாவரங்கள் ஒரு பக்கமும், ரோஜா, மா, அவரை, சூரியகாந்தி முதலிய உண்மை இருவித்திலைத் தாவரங்கள் மறுபக்கமும் கிளைத்தன. தாமரை இந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. அப்படியானால், பக்கத்தில் மிதக்கும் அல்லியைவிடக் கரையில் நிற்கும் பனைமரமே தாமரைக்கு நெருங்கிய சொந்தம் என்றாகிறது. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், இன்றைய தாவரவியல் இதை ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தாமரையின் வரிசைக்குப் புரோட்டியேல்ஸ் என்று பெயர். அதிலுள்ள மற்றச் செடிகளைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும்: குளிர்நாட்டு நகரங்களின் சாலையோரங்களில் நிழல் தரும் பிளேன் மரம், ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா, கெட்டியான ஓடுடைய மக்கடேமியா, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக். எல்லாம் தரையில் வேர் விட்ட மரங்களும் புதர்களும். அந்தக் கூட்டத்தில் நீருக்குள் இறங்கியது தாமரை மட்டுமே.

இந்தப் பிரிவைக் கண்ணால் காண விரும்புவோர் நுண்ணோக்கியில் மகரந்தத் தூளைப் பார்க்கலாம். தாமரையின் ஒவ்வொரு தூளிலும், மகரந்தக் குழல் வெளிவருவதற்கான பள்ளங்கள் மூன்று இருக்கும். ரோஜாவிலும் அவரையிலும் காணும் அமைப்பின் அடிப்படையும் இதுவே. அல்லியின் தூளில் இந்த மூன்று பள்ள அமைப்பு இல்லை. மூன்று பள்ளத் தூள்கள் பாறை அடுக்குகளில் ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து காணக்கிடைக்கின்றன என்பதால், அல்லியின் வழியும் தாமரையின் வழியும் அதற்கும் முன்பே பிரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? அது நீரின் கட்டாயத்தால் வந்தது. அசையாத நீரில் வாழ நினைக்கும் செடிக்குச் சேற்றில் காற்று கிடைக்காது; ஆகவே காம்பெங்கும் காற்றுக் குழாய்கள் வேண்டும். வெயில் மேலே இருக்கிறது; ஆகவே நீரின் ஆழத்துக்கேற்ப நீளும் காம்பு வேண்டும். அலை இழுத்தாலும் கிழியாமல், எல்லாப் பக்கமும் இழுவிசையைச் சமமாகத் தாங்கும் வட்ட இலையே அங்கே நிலைக்கும். ஒரே மழைக்குக் குடை பிடித்த இருவர் அதனால் உடன்பிறந்தார் ஆகிவிடுவதில்லை.

கேள்வி: பழைய தாவரவியல் நூல்களில் தாமரையை அல்லிக் குடும்பத்திலேயே படித்த நினைவு இருக்கிறது. எப்போது மாற்றினார்கள்? ஏன்?

பதில்: உங்கள் நினைவு சரியானதே. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்டபோது தாமரையை நிம்ஃபேயா என்னும் அல்லிப் பேரினத்திலேயே (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) சேர்த்து நிம்ஃபேயா நெலும்போ என்று அழைத்தார். பத்தே ஆண்டுகளில், 1763இல், பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அடான்சன் அதைப் பிரித்து நெலும்போ என்னும் தனிப் பேரினமாக்கினார். இன்று வழங்கும் நெலும்போ நியூசிஃபெரா என்ற பெயர், கனிகளையும் விதைகளையும் நுணுகி ஆராய்ந்த ஜெர்மானியர் கேர்ட்னர் 1788இல் தந்தது. கனியைப் பார்த்தவருக்கு வேற்றுமை புலப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பேரினம் பிரிந்தாலும் வரிசை பிரியவில்லை. 1981இல் வெளியான அமெரிக்கத் தாவரவியலாளர் குரோன்குவிஸ்டின் வகைப்பாடுகூடத் தாமரைக் குடும்பத்தை அல்லி வரிசையிலேயே வைத்திருந்தது. பல பாடநூல்கள் அதைப் பின்பற்றின. மார்க் சேஸும் அவருடன் நாற்பதுக்கும் மேற்பட்டோரும் 1993இல், ஏறத்தாழ 500 விதைத் தாவரங்களின் பசுங்கணிக (இலையின் பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்பு) மரபணு ஒன்றை ஒப்பிட்டபோது, தாமரை பிளேன் மரத்தின் அருகில் போய் அமர்ந்தது. முதலில் பலர் நம்பவில்லை. பின்னர் வேறு மரபணுக்களை வைத்துப் பார்த்தபோதும் அதே விடை வந்தது. தாமரையின் முழு மரபணுத் தொகுதி 2013இலும், நிம்ஃபேயா கொலராட்டா என்னும் நீல அல்லியின் தொகுதி 2020இலும் வெளியானபின் வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பழைய ஆசிரியர்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. வெளித்தோற்றம் ஒன்றையே ஆதாரமாக வைத்துக்கொண்டு அவர்கள் செய்த பணி பெரும்பாலும் இன்றும் நிலைக்கிறது. தாமரை அவர்களை ஏமாற்றிய ஒரு சில செடிகளில் ஒன்று.

கேள்வி: பூ இல்லாத காலத்தில் குளத்தில் நிற்பது தாமரையா அல்லியா என்று கண்டுபிடிக்க எளிய வழி என்ன?

பதில்: இலையைப் பாருங்கள். அல்லி இலையில், விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம் வரைக்கும் ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் அந்தப் பிளவு கிடையாது. முழு வட்டத்தின் நடுவில், அடியிலிருந்து காம்பு தாங்கி நிற்கும். இலை நீருக்கு மேலே நிற்கிறதா, நீரில் மிதக்கிறதா என்பதை வைத்துச் சிலர் முடிவு செய்கிறார்கள். அது நம்பத்தக்க அடையாளம் ஆகாது. இளந்தாமரையின் முதல் இலைகள் மிதக்கவே செய்யும். நெருக்கமாக வளர்ந்த இடத்தில் அல்லி இலைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீர்மட்டத்துக்கு மேலே எழும். விக்டோரியா என்னும் மாபெரும் அமேசான் அல்லிக்கு இலைப்பிளவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விளிம்பு மேல்நோக்கி மடிந்து, அடிப்புறம் முழுவதும் முள் அடர்ந்த அந்த இலையைத் தாமரை என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

அடுத்தது காம்பு. தாமரைக் காம்பு விறைப்பாக இருக்கும். விரலால் தடவினால் சிறு முட்கள் நெருடும். அல்லிக் காம்பு மென்மையானது. நீரை விட்டு வெளியே எடுத்தால் துவண்டு விழும். தாமரைக் காம்பை ஒடித்து, இரு துண்டுகளையும் மெல்ல விலக்கினால் இடையில் மெல்லிய வெண்ணூல்கள் நீண்டுகொண்டே வரும். நீரைக் கடத்தும் குழாய்களின் உட்சுவரில் சுருள் சுருளாகப் படிந்திருக்கும் தடிப்புகள் அவிழ்ந்து வருவதே அந்த நூல்.

பூ கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பூவை உரித்துப் பார்ப்பதைப் போன்ற பாடம் வேறில்லை. அல்லியின் அடியில், வெளிப்பக்கம் பச்சையான நான்கு புல்லிதழ்கள் தெளிவாக இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு இதழ்களை ஒவ்வொன்றாக உள்நோக்கி எடுத்துக்கொண்டே போங்கள். இதழ் வரவரக் குறுகும். ஓரிடத்தில் நுனியில் மட்டும் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிய ஒன்று கையில் வரும். அதை இதழ் என்பதா மகரந்தத்தாள் என்பதா என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்தவற்றில் பை நீண்டு, தகடு மெலிந்து, கடைசியில் முழுமையான மகரந்தத்தாள் நிற்கும். தாமரையில் இந்தப் படிப்படியான மாற்றம் இல்லை: இதழ் இதழாகவும் தாள் தாளாகவும் பிரிந்தே இருக்கும். நடுவில் தலைகீழ்க் கூம்பு வடிவிலான பொகுட்டு. அதன் தட்டையான மேற்பரப்பில் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் தனித்தனியே ஒரு சூலகம், அதன் சூல்முடி மட்டும் வெளியே தெரியும்படி புதைந்திருக்கும். அல்லியில் பொகுட்டு இல்லை. சூலக அறைகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே உருண்டையாகி, அதன் உச்சியில் சூல்முடிகள் மையத்திலிருந்து ஆரங்களாகப் பரந்த ஆழமற்ற கிண்ணம் ஒன்றை உருவாக்கும். என்னைக் கேட்டால், இந்த இரு நடுப்பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் மறுபடி இவற்றை ஒரு குடும்பம் என்று சொல்லத் தயங்குவார்.

வாடும் விதமும் வேறு. தாமரை இதழ்கள் ஒவ்வொன்றாக உதிரும். அல்லி இதழ்களை உதிர்ப்பதில்லை. பூ மூடிக்கொண்டு நீருக்குள் அமிழ்ந்துவிடும்.

கேள்வி: "தாமரை இலைத் தண்ணீர் போல" என்கிறோம். அல்லி இலையிலும் நீர் அப்படி உருளுமா?

பதில்: உருளாது. அல்லி இலையில் விழுந்த நீர் தட்டையாகப் பரவி அங்கேயே தங்கும். தாமரை இலையிலோ நீர் முத்தாகத் திரண்டு, இலை சற்றே சாய்ந்ததும் ஓடிவிடும்.

காரணம் இலையின் மேற்பரப்பின் அமைப்பில் இருக்கிறது. தாமரை இலையின் மேல்தோலில் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவிலான மேடுகள் நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. அந்த மேடுகளின் மேல், அவற்றினும் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள மெழுகுக் குழல்கள் அடர்ந்து கிடக்கின்றன. விழும் துளி மேட்டு நுனிகளையும் மெழுகையும் மட்டுமே தொடுகிறது. அதன் அடியில் பெரும்பகுதி காற்றுத்தான். ஒட்டுவதற்கு இடமில்லாத துளி ஏறத்தாழ முழு உருண்டையாகிறது. உருண்டோடும்போது வழியிலுள்ள தூசியையும் நோய்ப்பூஞ்சையின் வித்துகளையும் தன்மேல் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் 1997இல் இதை விரிவாக விளக்கினார்கள். தானாகவே தூய்மையாகும் சுவர்ப்பூச்சு முதலியவற்றுக்கு அந்த ஆய்வே தொடக்கம். தாமரை இலையின் ஓரிடத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு நீரைத் தெளித்துப் பாருங்கள்: தேய்த்த இடத்தில் மட்டும் நீர் ஒட்டி நிற்கும், ஏனென்றால் மெழுகு அங்கே அழிந்துவிட்டது.

இரு செடிகளிலும், காற்று வந்துபோகும் இலைத்துளைகள் மேற்பக்கத்தில்தான் உள்ளன. ஆயினும் உலர்ந்த மேற்பரப்புக்காக இவ்வளவு நுட்பத்தைக் கையாண்டது தாமரை மட்டுமே.

கேள்வி: தாமரைப் பூவுக்கு உடற்சூடு உண்டு என்று என் மகன் சொல்கிறான். செடிக்குச் சூடா?

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ரோஜர் சீமோரும் பால் ஷூல்ட்ஸ்-மோட்டலும் செய்த அளவீடுகள் 1996இல் வெளிவந்தன. சுற்றியுள்ள காற்று 10 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்தபோதும் 30 பாகை வரை வெம்மையுற்றபோதும், தாமரைப் பூ தன் உட்புறத்தை 30 முதல் 36 பாகைக்குள் வைத்துக்கொண்டது. காற்று குளிரக் குளிரப் பூ மாவுப்பொருளை வேகமாக எரித்தது. வெப்பம் கூடியதும் குறைத்துக்கொண்டது. வெறுமனே சூடாவது வேறு, சூட்டை ஒரு நிலையில் காப்பது வேறு. தாமரை செய்வது இரண்டாவது. செடிகளில் மிகச் சிலவற்றுக்கே இது கைவருகிறது.

இந்தச் சூடு பூவின் மகரந்தச் சேர்க்கைக்காக. தாமரையில் சூல்முடி முதலில் பக்குவமடைகிறது. அப்போது பூ சிறிதளவே திறந்திருக்கும். உள்ளே நுழையும் வண்டு இரவு முழுவதும் வெதுவெதுப்பில் தங்கலாம். வேறொரு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் பொகுட்டின் மீது சேர்ந்துவிடும். பிறகு மகரந்தப்பைகள் வெடித்து, பூ அகல விரிந்து, புதிய தூளுடன் விருந்தாளி வெளியேறும்.

அல்லியும் பெண்ணுறுப்பை முன்னிறுத்தியே தொடங்குகிறது, ஆனால் அது நடத்தும் முறை வேறு, சற்றுக் கொடியதும்கூட. முதல் நாளன்று நான் மேலே சொன்ன சூல்முடிக் கிண்ணத்தில் ஒரு திரவம் நிரம்பியிருக்கும். மகரந்தத்தைச் சுமந்து வரும் பூச்சி, வழுக்கலான மகரந்தத்தாள்களில் நிற்க முடியாமல் அந்தத் திரவத்துக்குள் சரிந்துவிடும். அதன் உடலிலிருந்த தூள் கழுவப்பட்டுச் சூல்முடியைச் சேரும். சில பூச்சிகள் தப்பிப் பறக்கும், சில அங்கேயே மூழ்கி இறக்கும். மறுநாள் திரவம் இராது. தாள்கள் உள்நோக்கி வளைந்து கிண்ணத்தை மூடியிருக்கும். அன்று வரும் பூச்சிக்கு மகரந்தம் மட்டும் கிடைக்கும், ஆபத்தில்லை. அல்லிச் சுற்றத்திலும் சூடு அறியாத ஒன்றல்ல: விக்டோரியாப் பூ முதல் இரவில் வெண்மையாக விரிந்து, வெம்மையும் மணமும் தந்து வண்டுகளை அழைத்து, அவற்றை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, அடுத்த மாலையில் இளஞ்சிவப்பாக மாறிய பின் விடுவிக்கிறது.

கேள்வி: ஆயிரம் ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்ததாகச் சொல்வது நம்பத்தக்கதா? அல்லி விதையும் அப்படியா?

பதில்: நம்பலாம். வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், வறண்டுபோன ஏரி ஒன்றின் அடிப்படிவில் கிடைத்த தாமரை விதைகளை ஜேன் ஷென்-மில்லரும் உடன் ஆய்ந்தோரும் முளைக்கச் செய்து, கதிர்க்கரிமக் கணிப்பில் ஒரு விதையின் வயது ஏறத்தாழ 1300 ஆண்டுகள் என்று 1995இல் வெளியிட்டார்கள். முளைத்த விதையையே கணித்ததுதான் இதன் சிறப்பு. ஜப்பானில் இச்சிரோ ஓகா 1951இல் சிபா நகர்ப்பகுதியில் தோண்டியெடுத்த விதை ஒன்று மறு ஆண்டு பூத்ததும், அதை 2000 ஆண்டுத் தாமரை என்று கொண்டாடியதும் இன்னும் புகழ்பெற்ற செய்தி. ஆனால் அந்த 2000 என்பது விதையைக் கணித்துப் பெற்ற எண் அன்று, அருகில் கிடைத்த பழைய படகின் வயதை வைத்துச் சொன்னது. ஆகவே இரண்டில் சீனச் சான்றுக்கே நான் கூடுதல் மதிப்பளிப்பேன்.

விதையின் உறை நீரும் காற்றும் புகாத அளவுக்கு இறுக்கமானது. வீட்டில் முளைக்க வைப்போர் விதையின் ஒரு முனையை அரத்தால் தேய்த்து, உள்ளே வெண்பருப்பு எட்டிப்பார்க்கும்வரை உறையைக் குறைத்த பிறகே நீரிலிடுகிறார்கள்; அப்போது சில நாட்களில் முளை வந்துவிடும். விதையைப் பிளந்தால் உள்ளிருக்கும் குருத்து, வெளிச்சமே படாத இருட்டிலும் பச்சையாக இருப்பதைக் காணலாம்.

அல்லி இந்தக் காத்திருப்பு விளையாட்டில் இறங்கவில்லை. பூ அமிழ்ந்ததும் காம்பு வளைந்து கீழே இழுக்க, காய் நீருக்கடியிலேயே முற்றி, பஞ்சுபோல் ஊறி வெடிக்கிறது. வெளிவரும் விதைகள் பல. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. ஒவ்வொன்றையும் காற்றடைத்த மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. அந்தச் சவ்வின் துணையால் சில காலம் மிதந்து விலகிப் போய், சவ்வு அழுகியதும் மூழ்கிச் சேற்றில் தங்குகின்றன. தாமரையோ பொகுட்டை நீருக்கு மேலேயே காயவிட்டுத் தலைகுனிய வைத்து, கனமான சில கொட்டைகளைக் கீழே இறக்குகிறது.

கேள்வி: நீலத் தாமரை விதை என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உலகில் தாமரை இனங்கள் இரண்டே: ஆசியாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வளரும், இளஞ்சிவப்பும் வெள்ளையுமான நெலும்போ நியூசிஃபெரா, வட அமெரிக்காவின் மஞ்சள் தாமரையான நெலும்போ லூட்டியா. இவற்றில் நீலம் இல்லை. நீலத் தாமரை என்று படங்களில் காட்டப்படும் பூக்கள் நீல அல்லிகளே. பழைய எகிப்தியச் சுவரோவியங்களில் காணும் பூவும் அதுவே. அல்லியில் நீலத்தைத் தருவது டெல்ஃபினிடின் வகை நிறமி என்பது 2020ஆம் ஆண்டின் மரபணு ஆய்வில் தெளிவாயிற்று.

கேள்வி: தாமரையையும் அல்லியையும் கலந்து புதிய வகை உருவாக்க இயலாதா?

பதில்: இயலாது, இவ்வளவு தொலைவில் உள்ள செடிகளுக்கிடையே கருவுறுதல் நிகழாது. ஆனால் ஒவ்வொன்றும் தன் இனத்தாருடன் தாராளமாகக் கலக்கும். ஆசியத் தாமரையும் அமெரிக்க மஞ்சள் தாமரையும் பெருங்கடலால் பிரிந்திருந்தும் கலக்கும்போது எளிதில் விதை தருகின்றன. அல்லியில் இந்தக் கலையை வளர்த்தவர் பிரான்சின் லத்தூர்-மார்லியாக். அவர் 1889இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த வண்ண அல்லிகளே ஓவியர் மோனேயின் குளத்துக்கும் வழிகாட்டின.

கேள்வி: தாமரையின் இலைக்காம்பை நீருக்கடியில் அறுத்தால் செடி அழுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவு உண்மை. கிழங்கு புதைந்திருக்கும் சேற்றில் உயிர்வளி இல்லை; அதற்கு வேண்டிய காற்று இலை வழியாகவும் காம்பின் குழாய்கள் வழியாகவுமே இறங்குகிறது. எல்லாக் காம்புகளையும் நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தால் குழாய்களில் நீர் புகுந்து கிழங்கு மூச்சுத் திணறும். காய்ந்த காம்பையும் நீருக்கு மேலே சற்று விட்டு நறுக்குவதே முறை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தாமரை இலையின் நடுவில், காம்புக்கு நேர் மேலே, வெளிறிய சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் அந்த வட்டத்தின் மேல் சிறிது நீரைத் தேக்கி வையுங்கள். நீருக்குள்ளிருந்து குமிழிகள் எழும். இலைப்பரப்பில் வெயிலால் அழுத்தம் கூடிய காற்று காம்பில் இறங்கிக் கிழங்கைச் சுற்றி, வேறு குழாய்கள் வழியாக மேலேறி, நடுவட்டத்திலுள்ள பெரிய துளைகளில் வெளியேறுகிறது. அல்லிச் சுற்றத்தைச் சேர்ந்த நூஃபார் என்னும் மஞ்சள் நீரல்லியும் காற்றைச் செலுத்துகிறது என்று ஜான் டேசி 1980இல் காட்டினார். ஆனால் அங்கே இளம் இலைகளில் நுழையும் காற்று கிழங்கைக் கடந்து முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுகிறது. தேவை ஒன்றே, அதற்கு வகுத்த பாதை ஒன்றில்லை. நான் முதல் பதிலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மாடியில் தொட்டி வைத்து வளர்க்க எது ஏற்றது? இரண்டையும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: முதன்முறை வளர்ப்பவருக்கு அல்லியே எளிது. அதன் கிழங்கு நட்ட இடத்தைச் சுற்றியே இருக்கும். தொட்டி சிறிதானாலும் பொறுத்துக்கொள்ளும். தாமரைக் கிழங்கு கிடைமட்டமாக ஓடுவது. மூலைகளுள்ள தொட்டியில் அதன் நுனி மூலையில் முட்டி ஒடியக்கூடும் என்பதால், அடியில் துளையில்லாத, அகன்ற, வட்டமான தொட்டி வேண்டும். களிமண் கலந்த கனமான மண்ணை இட்டு, மேலே ஒரு சாண் அளவு நீர் நின்றால் போதும். நடும்போது கூரிய நுனியைக் கையாலும் தொடாதீர்கள். அது முறிந்தால் துண்டு முழுவதும் வீணாகும். விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் பூவே வரும் என்று உறுதியில்லை, பெரும்பாலும் முதல் ஆண்டில் பூக்கவும் பூக்காது. ஆகவே கிழங்கை நடுவது நல்லது.

இரண்டுக்கும் நாள்தோறும் ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இன்றியமையாதது. ஒரே தொட்டியில் சேர்த்து வைக்க வேண்டாம்; தாமரை இலைகள் மேலெழுந்து நிழல் விரித்ததும், கீழே மிதக்கும் அல்லி முதலில் பூப்பதை நிறுத்தும், பிறகு இலைகளும் சிறுத்துவிடும்.